ஷிராட்டாகி நூடுல்ஸ் பாஸ்தாவாக மறுக்கிறதா? கோளாறு வாரியாகச் சரிசெய்யும் முறை

பாஸ்தாவுக்கு மாற்றாக வாங்கிய ஷிராட்டாகியில், அதாவது கொன்ஜாக் என்ற கிழங்கின் மாவில் செய்யும் ஜப்பானிய நூடுல்ஸில், முதல் பாக்கெட்டைக் குப்பையில் போட்டேன். இரண்டாவது, தக்காளி சாஸில் மிதந்தபடி மேசைக்கு வந்து, மிதந்தபடியே திரும்பிப் போனது. மூன்றாவதைப் பிரிக்கும் முன்புதான் உறையின் பின்பக்கத்தை முழுதாகப் படித்தேன். தண்ணீர், கொன்ஜாக் மாவு, கால்சியம் ஹைட்ராக்சைடு. மூன்றே பொருள்கள். கோதுமை இல்லை, மாவுச்சத்து இல்லை, உப்பும் இல்லை. அதுவரை ஸ்பகெட்டிக்குச் செய்ததையெல்லாம் இதற்கும் செய்துகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அநேகமாக எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்கிறேன், தட்டு காலியாகிறது.

கொன்ஜாக் நமக்கு முற்றிலும் அந்நியமான கிழங்கு அல்ல. நம் சேனைக்கிழங்கும் அதுவும் அமார்போபாலஸ் என்ற ஒரே பேரினம், பங்காளி முறை. ஜப்பானில் விளையும் கொன்ஜாக்கில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குன்மா மாகாணத்திலிருந்து வருகிறது. கிழங்கைச் சீவிக் காயவைத்து மாவாக்கி, தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, சுண்ணாம்பு நீர் கலந்து, சிறு துளைகள் வழியே வெந்நீரில் பிழிகிறார்கள். இடியாப்பம் பிழிகிற மாதிரிதான், அச்சுக்குள் மாவுக்குப் பதிலாகக் கூழ். கால்சியம் ஹைட்ராக்சைடு என்று உறையில் மிரட்டுவது வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்பு. ஷிராட்டாகி என்ற ஜப்பானியச் சொல்லுக்கு வெள்ளருவி என்று பொருள். அங்கே இதைச் சுகியாகி என்ற பதார்த்தத்தில் இறைச்சியோடு சேர்ப்பார்கள், ஓடென் என்ற பதார்த்தத்தில் குழம்போடு நெடுநேரம் கொதிக்கவிடுவார்கள். பாஸ்தா வேலையை இதன் தலையில் கட்டியது எடை குறைக்கப் புறப்பட்ட நம் காலத்து அவசரம்.

நூறு கிராம் ஷிராட்டாகியில் ஏறத்தாழ 97 கிராம் தண்ணீர். மிச்சம் பெரும்பாலும் குளுக்கோமன்னான் என்ற நார்ச்சத்து. கலோரி பத்தைத் தாண்டாது. வெந்த ஸ்பகெட்டி அதே எடைக்கு 150-ஐ ஒட்டி வரும். உலர்ந்த ஸ்பகெட்டி தண்ணீரைக் குடித்தால்தான் உணவாகும். இதுவோ குடித்து முடித்துவிட்டு வந்து நிற்கிறது. நம் வேலை அதிலிருந்து முடிந்தவரை தண்ணீரை வாங்குவது. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

அடிப்படை முறை இது. பாக்கெட் நீரை வடித்துக் கொட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் இரண்டு நிமிடம் அலசுங்கள். கொதிக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, நன்றாக வடியவிடுங்கள். பிறகு எண்ணெய் இல்லாத அகலமான வாணலியில் மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் புரட்டுங்கள். சாஸ் அதன் பிறகுதான். இதைச் செய்தும் சரிவராதவர்கள், இதில் ஏதோ ஒன்றைத் தாண்டிக் குதித்தவர்கள், இரு சாராருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

பாக்கெட்டைப் பிரித்ததும் மீன் வாடை வருகிறது

எங்கள் வீடு சைவம். முதல் நாள் பாக்கெட்டைப் பிரித்த ஐந்தாவது நிமிடம் அத்தை சமையலறை வாசலில் வந்து நின்றார். "யார் வீட்டிலிருந்து மீன் வாடை வருகிறது?" என்று கேட்டார். நம் வீட்டிலிருந்துதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சைவர்கள் பதற வேண்டாம்; உள்ளே மீன் கிடையாது. கிழங்கில் இயல்பாகவே சில அமைன் சேர்மங்கள் உண்டு. மீன் வாடைக்குக் காரணமானவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். சுண்ணாம்பு கலந்த காரநீரில் அவை கட்டவிழ்ந்து ஆவியாகி மூக்குக்கு வருகின்றன. அமிலம் பட்டால் உப்பாக மாறி அடங்கிவிடும். மீன் கழுவுகிறவர்கள் புளியோ எலுமிச்சையோ போட்டு அலசுவதற்கும் காரணம் இதுவே.

எனவே அலசும்போது கையால் நன்றாகப் பிசறி அலசுங்கள். குழாயைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பது அலசல் ஆகாது. அப்படியும் வாடை மிஞ்சினால், கொதிக்கவைக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். மூடி போடாதீர்கள். ஆவி வெளியே போகத்தான் கொதிக்கவைக்கிறோம். மூன்று நிமிடத்துக்குப் பின் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஒருமுறை அலசுங்கள்.

இவ்வளவுக்கும் அடங்காத மூக்கு உள்ளவர்கள் அடுத்த முறை சோயா கலந்த டோஃபு ஷிராட்டாகியோ ஓட்ஸ் நார் கலந்த வகையோ வாங்கிப் பார்க்கலாம். வாடை குறைவு, நிறமும் கண்ணாடி போலில்லாமல் வெண்மையாக இருக்கும். கலோரி கொஞ்சம் கூடும். பெரிய வித்தியாசம் இல்லை.

பாக்கெட் உப்பியிருந்தாலோ, நூடுல்ஸ் கொழகொழத்துக் கரைந்திருந்தாலோ அது வேறு கதை. வினிகரால் அதைத் திருத்த முடியாது. தூக்கிப் போடுங்கள்.

எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் மென்மையாகவில்லை

ஆகாது. அரை மணி நேரம் கொதித்தாலும் அப்படியேதான் இருக்கும். கடற்பாசி ஜெல்லியைச் சூடாக்கினால் மறுபடி உருகிவிடும். முட்டை வெள்ளைக்கரு ஒருமுறை உறைந்தால் உறைந்ததுதான். ஷிராட்டாகி இரண்டாவது ரகம். குளுக்கோமன்னான் சங்கிலிகளில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் தொகுதிகளைச் சுண்ணாம்பின் காரம் உரித்துவிடுகிறது. உரிந்த சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தண்ணீரை நடுவில் சிறைவைத்து இறுகுகின்றன. அந்த இறுக்கத்தைச் சூடு அவிழ்க்காது.

ஆகவே வேகவைப்பதற்கு வாடையைப் போக்குவதும் உள்வரை சூடேற்றுவதும் மட்டுமே வேலை. மூன்று நிமிடம் போதும். எரிவாயுவை மிச்சப்படுத்துங்கள்.

ரப்பரைக் கடிப்பது போல் இருக்கிறது

மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

வாணலியில் வறட்டவே இல்லை என்பது முதலாவது. நூலைச் சுற்றி ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. அதனால் பல்லுக்கு முதலில் வழுக்கலும் பிறகு எதிர்ப்பும் தெரிகின்றன. இரண்டும் சேர்ந்தால் மூளை "ரப்பர்" என்கிறது. வறட்டினால் படலம் போகும், நூலின் மேற்பரப்பும் சற்றே சொரசொரப்பாகும். ஜப்பானியச் சமையலில் கொன்ஜாக்கை எண்ணெய் இல்லாமல் வறட்டுவதற்கென்றே கராஇரி என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். அனுபவசாலிகள் சும்மா பெயர் வைப்பதில்லை.

இதற்குக் காதுதான் கடிகாரம். முதல் இரண்டு மூன்று நிமிடம் "சொய்" என்று நீர் சுண்டும் சத்தம் கேட்கும். பிறகு அது மெல்ல அடங்கும். கரண்டியால் புரட்டும்போது "கீச்... கீச்..." என்று புதுச்செருப்பு போல் கத்த ஆரம்பித்தால் பதம் வந்துவிட்டது. எடைபோட்டுப் பார்த்தால், வடித்தபோது இருந்ததைவிடக் கண்கூடாகக் குறைந்திருக்கும். குறைந்த எடை முழுக்கவும், இல்லாவிட்டால் உங்கள் சாஸில் போய் நின்றிருக்கும் தண்ணீர்.

கீச்சொலி வந்த பிறகும் விடாமல் வறட்டியது இரண்டாவது காரணம். நூல்கள் மெலிந்து, கம்பி போலாகி, உண்மையாகவே ரப்பராகிவிடும். அப்படி ஆகிவிட்டால் கொஞ்சம் கொதிக்கும் சாறில் போட்டுச் சில நிமிடம் விடுங்கள். ஓரளவு தேறும், முழுதாக மீளாது.

மூன்றாவது, குளிர்பதனப் பெட்டி. பாக்கெட் ஃப்ரீசரில் இருந்ததா? அல்லது கீழ்த்தட்டின் பின்சுவரை ஒட்டி இருந்ததா? உறைந்தால் சிறைப்பட்ட தண்ணீர் பனிக்கட்டியாகப் பிரிந்துவிடும். உருகும்போது அது வெளியே ஓடிவிட, மிஞ்சுவது சல்லடை போன்ற பஞ்சு. ஜப்பானில் இதையே வேண்டுமென்று செய்து, உறையவைத்துக் காயவைத்து ஷிமி கொன்யாக்கு என்று ஒரு பண்டமாக்கியிருக்கிறார்கள். அதைச் சாறில் ஊறவைத்துச் சாப்பிட நன்றாக இருக்கலாம், ஸ்பகெட்டிக்கு மாற்றாக அல்ல. உறைந்துபோன பாக்கெட்டைக் காப்பாற்ற வழியில்லை. பிரிக்காத பாக்கெட்டுகளில் பல அறை வெப்பத்திலேயே இருக்கும், உறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரித்ததில் மீந்ததைப் புதுத் தண்ணீரில் மூழ்கவைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சாஸ் ஒட்டவில்லை, தட்டின் அடியில் குளமாக நிற்கிறது

இதுதான் தலையாய கோளாறு. பத்துப் பேரிடம் கேட்டால் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஸ்பகெட்டியில் சாஸ் ஏன் ஒட்டுகிறது? வேகும்போது அதிலிருந்து மாவுச்சத்து கசிகிறது. நூலின் மேலும் அது பசையாக நிற்கிறது, வேகவைத்த தண்ணீரிலும் கரைந்திருக்கிறது. அந்தக் கஞ்சித் தண்ணீரில் ஒரு கரண்டியைச் சாஸில் ஊற்றிக் கிளறும்போது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்து பளபளப்பாகி நூலைப் போர்த்திக்கொள்கின்றன. இத்தாலியச் சமையற்காரர்கள் அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருப்பது இதற்காக.

ஷிராட்டாகியில் கசிய மாவுச்சத்தே இல்லை. வேகவைத்த தண்ணீரை எடுத்துவைத்தால் அதில் சுண்ணாம்பும் வாடையும்தான் இருக்கும். நானும் ஒருமுறை பழக்க தோஷத்தில் அதை ஒரு கரண்டி ஊற்றினேன். அன்று இரவு நாங்கள் தோசை சாப்பிட்டோம்.

சாஸ் ஒட்டாதபோது பார்க்க வேண்டியவை, வரிசையாக:

தண்ணீர் எங்கிருந்து வந்தது? தட்டின் அடியில் நிற்பதைக் கரண்டியால் எடுத்துப் பாருங்கள். வெளிறிய, சாஸ் நிறமே ஏறாத நீர் என்றால் அது நூலிலிருந்து கசிந்தது, வறட்டியது போதவில்லை. சாஸின் நிறத்திலேயே ஓடினால் சாஸ் சுண்டவில்லை. எண்ணெய் தனியாக மிதந்தால் சாஸ் உடைந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு.

வறட்டல் போதவில்லை என்றால், பெரும்பாலும் வாணலி சிறியதாக இருந்திருக்கும். இரண்டு பாக்கெட்டைச் சிறிய வாணலியில் குவித்தால் அடியில் உள்ளது வறளும், மேலே உள்ளது அதன் ஆவியில் நனையும். ஒரு தடவைக்கு ஒரு பாக்கெட். அகலமான தோசைக்கல்லே இதற்குச் சிறந்தது என்பது என் அனுபவம். "ஒட்டிக்கொள்ளுமே" என்று முன்கூட்டியே எண்ணெய் விடாதீர்கள். ஒட்டுவதற்கு வேண்டிய மாவுச்சத்து இதில் இல்லை. எவர்சில்வர் பாத்திரத்தில்கூடப் பெரும்பாலும் ஒட்டாது. எண்ணெய் முதலில் பட்டால் நீர் வெளியேறுவது தாமதப்படும், பிறகு வரும் சாஸும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

சாஸ் நீர்த்திருந்தால், ஸ்பகெட்டிக்கு வைக்கும் பதத்தைவிட இன்னும் சுண்டவையுங்கள். தக்காளி சாஸ் என்றால் கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். தொக்குப் பதம் என்றால் நமக்குப் புரியும். தக்காளித் தொக்குக்கும் நல்ல ஷிராட்டாகி சாஸுக்கும் பதத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

எண்ணெய் பிரிந்தால், இல்லாத மாவுச்சத்தை நாமே கொஞ்சம் கொடுக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி சோளமாவை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துச் சாஸில் விட்டு ஒரு கொதி வரவிடுங்கள். அதில் சேரும் கலோரி பத்துதான். இதற்குக்கூட மனம் ஒப்பாதவர்கள் வேகவைத்து மசித்த காலிஃபிளவர், பூசணி, கொண்டைக்கடலை இவற்றில் ஒன்றைக் கலக்கலாம். துருவிய பார்மசான் பாலாடைக்கட்டியும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தீயை அணைத்த பிறகு தூவுங்கள், கொதியில் போட்டால் திரிதிரியாகும்.

கடைசியாக, சாஸும் நூடுல்ஸும் சந்திக்கும் இடம். தட்டில் நூடுல்ஸைப் போட்டு மேலே சாஸ் ஊற்றும் வழக்கம் ஸ்பகெட்டிக்கே அவ்வளவு உகந்ததல்ல. இதற்கு ஒத்தே வராது. வறட்டிய சூட்டோடு நூடுல்ஸைச் சாஸ் வாணலியில் போட்டு, இரண்டு நிமிடம் ஒன்றாகக் கொதிக்கவிட்டுப் புரட்டுங்கள். செய்த உடனே பரிமாறுங்கள். காத்திருந்தால் மறுபடி நீர் விடும்.

எந்தச் சாஸ் ஒத்துவரும் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. பூண்டையும் ஆலிவ் எண்ணெயையும் மட்டும் நம்பி நிற்கும் ஆலியோ எ ஓலியோவை இதில் செய்யவே செய்யாதீர்கள். அதன் உயிரே கஞ்சித் தண்ணீர்தான். முட்டையும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் செய்யும் கார்போனாரா வரும், ஆனால் நூடுல்ஸில் மிஞ்சிய நீர் முட்டையை நீர்க்கவைக்கும். மஞ்சள் கரு மட்டும் சேர்த்தால் பிழைக்கும். காளான், வெண்ணெய், சோயா சாஸ் சேர்த்து ஜப்பானியர்கள் செய்யும் வாஃபூ பாணிப் பாஸ்தா இதற்கு மிகவும் பொருந்துகிறது. காளானைத் தனியாகச் சுருள வதக்கி, பத்து கிராம் வெண்ணெய், இரண்டு தேக்கரண்டி சோயா சாஸ் சேர்த்து, வறட்டிய நூடுல்ஸைப் போட்டுப் புரட்டி, மிளகு தட்டிப் போடுங்கள். மீந்திருக்கும் கொஞ்சநஞ்ச வாடையையும் சோயா சாஸ் தன்னோடு கரைத்துக்கொள்ளும்.

சாஸ் நன்றாக இருக்கிறது, நூடுல்ஸ் மட்டும் சப்பென்று இருக்கிறது

உப்புத் தண்ணீரில் வேகும்போது ஸ்பகெட்டி தண்ணீரோடு உப்பையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இது ஏற்கெனவே நிறைகுடம். உப்பு மெல்லத்தான் உள்ளே இறங்கும். சாஸில் வழக்கத்தைவிடச் சற்றுத் தூக்கலாக உப்பும் புளிப்பும் வையுங்கள். நேரம் இருந்தால், வறட்டிய நூடுல்ஸை உப்பிட்ட காய்கறிச் சாறில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, சாறு சுண்டியதும் சாஸில் சேருங்கள். ஓடெனில் கொன்ஜாக் ருசிப்பதற்குக் காரணம் நெடுநேரம் சாறில் கிடப்பதுதான்.

முள்கரண்டியில் சுருட்ட வரவில்லை

நூல்கள் ஒரே நீளச் சிடுக்காக வருகின்றன. வடிதட்டில் இருக்கும்போதே சமையலறைக் கத்தரிக்கோலால் குறுக்கே இரண்டு வெட்டு வெட்டுங்கள். தொண்டைக்கும் இது நல்லது. கொன்ஜாக் பல்லுக்கு எளிதில் பிடிபடாமல் வழுக்கிப் போகும். சின்னக் கிண்ணங்களில் வந்த கொன்ஜாக் ஜெல்லி மிட்டாய்களால் குழந்தைகளுக்கு மூச்சடைப்பு நேர்ந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் அவற்றுக்குத் தடை விதித்தது. நூடுல்ஸ் அந்த அளவு அபாயம் இல்லை என்றாலும், சிறு குழந்தைகளுக்கும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் இதைக் கொடுக்காமல் இருப்பதே மேல். மற்றவர்கள் மென்று சாப்பிடுங்கள்.

வயிறு முட்டச் சாப்பிட்டும் இரண்டு மணி நேரத்தில் பசி

இருநூறு கிராம் நூடுல்ஸ், தக்காளி சாஸ், கொஞ்சம் துளசி. அழகான தட்டு. மொத்தம் நூறு கலோரிகூடத் தேறாது, புரதம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பசிக்காமல் என்ன செய்யும்?

குளுக்கோமன்னான் பசியை அடக்கும் என்று படித்திருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த எடைக்குறைப்பு வாசகம், கலோரி குறைத்த உணவுமுறையின் பகுதியாக, நாளுக்கு 3 கிராம் குளுக்கோமன்னானை மூன்று வேளையாகப் பிரித்து, உணவுக்கு முன் ஒன்றிரண்டு கிளாஸ் தண்ணீரோடு எடுப்பதைப் பற்றியது. பொடி வயிற்றுக்குள் போய்த் தண்ணீர் உறிஞ்சி வீங்குகிறது. நூடுல்ஸோ பாக்கெட்டிலேயே வீங்கி முடித்துவிட்டது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

தட்டில் புரதம் இருக்கட்டும்: இரண்டு முட்டை, ஒரு கை கொண்டைக்கடலை, பனீர், இறால், கோழி, எது உங்கள் வீட்டு வழக்கமோ அது. காய்கறியைத் தாராளமாகப் போடுங்கள். நூடுல்ஸை வெறும் தாங்கியாக நினைத்து, மேலே வருவதைச் சாப்பாடாக நினைத்தால் கணக்கு சரியாகும்.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டுமுறை படியுங்கள். பாஸ்தா சாப்பிடும் நாளின் அளவிலேயே மருந்தை எடுத்துக்கொண்டு, பாஸ்தாவுக்குப் பதில் இதைச் சாப்பிட்டால், இரத்தத்தில் சேர வேண்டிய சர்க்கரை வந்து சேராது. சாப்பிட்ட பிறகு கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் பசி என்று எண்ணிப் படுத்துவிடாதீர்கள். அது சர்க்கரை தாழ்ந்ததற்கான அறிகுறி. உடனே சர்க்கரை கலந்த பானம் எதையாவது குடித்துவிட்டு அளந்து பாருங்கள். இதைத் தொடர்ந்து சாப்பிட உத்தேசம் என்றால் மருந்தின் அளவைப் பற்றி முதலிலேயே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். இந்த நார் சில மாத்திரைகள் உடலில் சேர்வதையும் தாமதப்படுத்தக்கூடும். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கும் மாத்திரைகளைப் பற்றியும் சேர்த்துக் கேளுங்கள்.

வயிறு உப்புசம், காற்று

மனிதக் குடலின் நொதிகள் இதைச் செரிப்பதில்லை. பெருங்குடலுக்குப் போன பிறகு அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்கின்றன. காற்று அங்கே உண்டாகிறது. முதல் வாரம் அரைப் பாக்கெட், அதுவும் இரண்டு நாளுக்கு ஒருமுறை என்று தொடங்குங்கள். மறுநாள் காலையில் நூல்கள் முழுதாகவே வெளியேறியிருப்பதைப் பார்த்து அதிர்ந்தவர்கள் உண்டு. சரியாக மெல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் கடுமையான வயிற்றுவலி, வாந்தி, மலம் போகாமை என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள். குடல் அடைப்பு வந்த வரலாறு உள்ளவர்கள் இந்தப் பரீட்சையில் இறங்கவே வேண்டாம்.

நூடுல்ஸில் கலோரியே இல்லை, எடை மட்டும் இறங்கவில்லை

வாணலியைப் பார்க்காமல் எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஏறத்தாழ 120 கலோரி. ஒட்டாத சாஸை ஒட்டவைக்கும் ஆத்திரத்தில் மூன்று கரண்டி ஊற்றினால் 360. நூறு கிராம் உலர்ந்த ஸ்பகெட்டியில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவேதான். இவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடித்ததை அங்கேயே கொடுத்துவிட்டோம். கிரீமும் பாலாடைக்கட்டியும் இதே கணக்கில் வரும்.

உறையில் பெரிதாக அச்சிட்ட 0 என்ற எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கலாம். அமெரிக்காவில் ஒரு பரிமாறலுக்கு 5 கலோரிக்குக் கீழ் இருந்தால் பூஜ்யம் என்று போட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. இந்த நூடுல்ஸில் அதனால் பெரிய மோசம் இல்லை. ஆனால் பரிமாறலின் அளவு என்ன என்று பார்க்கும் பழக்கம் வந்தால் மற்றப் பாக்கெட்டுகளைப் படிக்கும்போது உதவும்.

நான் வாங்கியது ஷிராட்டாகி இல்லை, வேறு ஏதோ

கண்ணாடி போல் இருந்து, கடித்தால் பச்சை வெள்ளரி போல் நறுக்கென்று முறிந்தால் அது கெல்ப் நூடுல்ஸ், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டில் செய்தது. அதை மென்மையாக்க ஒரு கைப்பழக்கம் இருக்கிறது: வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சைச் சாறும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டு ஊறவைத்தால் சிறிது நேரத்தில் குழைந்துவிடும். ஆல்ஜினேட் இழைகளைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கிறது. எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்து உண்டாகும் சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பறித்துக்கொள்கிறது. ஷிராட்டாகியிலும் கால்சியம் இருக்கிறதே என்று இதே வித்தையை அதில் காட்டாதீர்கள். அங்கே இறுகியது காரத்தின் வேலையால், கால்சியப் பிணைப்பால் அல்ல. சோடா வீண்.

டப்பாவில் உப்பு நீரில் வரும் பனங்குருத்து நூடுல்ஸ் புளிக்கிறது என்றால் பத்து நிமிடம் பாலில் ஊறவைத்து அலசுங்கள். சுக்கினிக் காயைத் துருவிச் செய்தது நீர்விட்டுக் குழைகிறது என்றால் உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, வாணலியில் ஒரே நிமிடம் காட்டுங்கள்.

எல்லாம் செய்தேன், இருந்தும் இது பாஸ்தா இல்லை

உண்மைதான், இல்லை. கோதுமையின் மணமும் அந்தக் கடியும் இதில் வராது. எனக்கு இதில் கிடைத்த நல்ல வழி பாதிக்குப் பாதி. ஒரு ஆளுக்கு 50 கிராம் ஸ்பகெட்டி, ஒரு பாக்கெட் ஷிராட்டாகி. ஸ்பகெட்டியின் 180 கலோரியை ஒப்புக்கொள்ளுங்கள். தட்டு முழுத்தட்டாகத் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கஞ்சித் தண்ணீர் திரும்பக் கிடைத்துவிடும். சாஸ் ஒட்டாத தொல்லை பெரும்பாலும் அங்கேயே தீரும்.

ஒரு அடுப்பில் ஸ்பகெட்டி வேகட்டும், தண்ணீர் குறைவாக, கஞ்சி கெட்டியாக இருக்கும்படி. இன்னொரு அடுப்பில் ஷிராட்டாகி வறளட்டும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வேகவைக்கும் சோம்பல் வேண்டாம். சுண்ணாம்பு வாடை கஞ்சியில் இறங்கிவிடும். ஸ்பகெட்டி வேக இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போது அதை எடுத்துச் சாஸில் போட்டு, அரைக் கரண்டி கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் புரட்டுங்கள். சாஸ் பளபளப்பாகி ஸ்பகெட்டியைப் போர்த்திக்கொண்ட பிறகு வறட்டிய ஷிராட்டாகியைச் சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் அது விடும் நீரில் எல்லாம் இளகிவிடும். அத்தை இதை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதில் பாதி என்னவென்று நான் இன்னும் சொல்லவில்லை.